கரிப்படலமும் ஓட்டைத் தகடும்

என் அண்ணனை வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் 'கரி' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் அவர் நகங்களின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு தங்கிவிடும். கல்யாணப் போட்டோவில்கூட இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன் நிற்கிறவர் மாதிரி நிற்கிறார். பக்கத்தில் அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார்.

அவர் போன இடமெல்லாம் கரிதான். முதலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டோனர் நிரப்பினார். கடையை மூடிவிட்டார்கள். பிறகு ஒரு பேட்டரி கம்பெனியில் கரித்தூள் பிசைந்தார். அதுவும் மூடியது. பிறகு டயருக்கு ரப்பர் கலக்கும் ஒரு கொட்டகைக்குப் போனார். அதை யாரோ வாங்கி இடித்துவிட்டார்கள். அண்ணிக்கு வாய் சும்மா இருக்காது.

"இவரை வேலைக்கு வைக்கறவங்க கையோட ஒரு பூட்டும் வாங்கி வைச்சுக்கணும்" என்பார். "எப்படியும் தேவைப்படும்."

அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விடுவார். குழாயைத் திறந்துவிட்டுத் தட்டைக் கழுவாமல் அதன் முன் கொஞ்ச நேரம் நிற்பார். அதை நான் மட்டும் பார்ப்பேன். எனக்குப் பேச்சு குறைவு. அதனால் கண்ணுக்கு வேலை அதிகம்.

நாலாவதாகக் கிடைத்ததுதான், நாங்கள் 'மேடம்' என்று கூப்பிடும் விஞ்ஞானியின் ஆராய்ச்சி அறை. பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில், ஒரு காலத்தில் சாமான் போட்டு வைத்திருந்த அறை அது. சூரிய ஒளியிலிருந்து கரண்ட் எடுக்கிற செல்லின் மேல் மெல்லிய கரிப்படலம் ஒன்றைப் போர்த்தினால் கூடுதலாகக் கரண்ட் கிடைக்குமா என்று அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரித்தூளைச் சிந்தாமல் கையாளத் தெரிந்த ஆள் ஒருவர் மேடத்துக்குத் தேவைப்பட்டது. அண்ணனிடம் ஒரு ஜாடியைக் கொடுத்து இன்னொரு ஜாடிக்கு மாற்றச் சொன்னாராம். அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றினார். மேடம் வெள்ளைக் காகிதத்தால் மேஜையைத் துடைத்துப் பார்த்தார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

"நாளைக்கே வந்துடுங்க" என்றார்.

கொஞ்ச நாள் கழித்துக் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவ ஆள் வேண்டும் என்று என்னையும் அண்ணன் அங்கே சேர்த்துவிட்டார். பாதியில் படிப்பை விட்டவள் நான். அங்கே எனக்குக் 'கண்ணாடி' என்று பெயர்.

நாங்கள் நாலே பேர். மேடம், அண்ணன், நான், பிறகு 'சூரியன்'. சூரியன் என்பது விளக்குக்காரர். வெயிலுக்குச் சமமான வெளிச்சம் தரும் பெரிய விளக்கு ஒன்று அங்கே உண்டு. செல்லை அதன் கீழே வைத்து எவ்வளவு கரண்ட் வருகிறது என்று அளப்பது அவர் வேலை. அவர் வராத நாளில் "இன்னைக்கு சூரியன் லீவு" என்று அண்ணன் சொல்வார். மழை பெய்கிற நாளில் அவர் நனைந்துகொண்டு வந்தால், "பாருங்க, மழையிலயும் சூரியன் உதிச்சிடுச்சு" என்பார். பழைய நகைச்சுவைதான். ஆனாலும் மேடம்கூடச் சிரிப்பார்.

அண்ணன் செய்த வேலையை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்கும் மூச்சு நின்றுவிடும். தலைமயிரைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கரிக்குழல்களால் ஆன தூள் அது. அதைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி, காகிதம் போன்ற ஒரு வடிகட்டியில் ஊற்றினால், தண்ணீர் இறங்கிக் கரி மட்டும் மேலே படியும். பிறகு அந்த வடிகட்டியை வேறொரு திரவத்தில் போட்டுக் கரைத்துவிட வேண்டும். மிச்சமிருக்கும் படலத்தைத் தண்ணீருக்கு மாற்றினால் அது பாலாடை மாதிரி மேலே மிதக்கும். கறுப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. மூக்குக்கண்ணாடியில் வாயால் ஊதினால் படியுமே ஆவி, அதற்குக் கொஞ்சம் புகை நிறம் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். அதன் அடியில், செல்லாகப் போகிற சிலிக்கான் துண்டைச் சாய்வாக விட்டு மெல்லத் தூக்க வேண்டும். கை துளி நடுங்கினாலும் கிழிந்துபோகும். வெளிச்சம் அந்தப் படலத்தின் ஊடாக உள்ளே போகும். உள்ளே உண்டாகும் கரண்டை அதே படலம் வாங்கி வெளியே கொண்டுவரும். ஜன்னலும் அதுதான், கம்பியும் அதுதான் என்று மேடம் ஒருமுறை எனக்குச் சொன்னார்.

அளக்கும்போது செல்லின் மேல் ஒரு தகடு வைப்பார்கள். மெல்லிய அலுமினியத் தகடு, கறுப்பு பூசியது. நடுவில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு சதுர ஓட்டை. அந்த ஓட்டை வழியாக விழுகிற வெளிச்சம் மட்டும்தான் கணக்கு. ஓட்டையின் அளவைத் தொடக்கத்திலேயே கம்ப்யூட்டரில் போட்டுவிட்டார்கள். வருகிற கரண்டை அந்த அளவால் வகுத்து, விழுந்த வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு கரண்டாக மாறியது என்று அது ஓர் எண் காட்டும்.

அந்தத் தகட்டின் ஓட்டை ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தது. அது அண்ணனின் படலத்தைக் கீறிவிடும். அரும்பாடுபட்டுத் தூக்கி வைத்த படலத்தில் ஒரு கோடு விழுந்தால் அவர் முகம் அடிபட்ட முகமாகிவிடும். அதனால் ஒவ்வொரு முறை தகடு வைக்கும் முன்னும் நைசான உப்புத்தாளைச் சின்னதாக மடித்து ஓட்டையின் உள்விளிம்பை லேசாக ஒரு தேய்ப்பு தேய்ப்பார். பிறகு தன் கரியிலேயே கொஞ்சம் தொட்டு அந்த இடத்தைக் கறுப்பாக்குவார். தையல்காரர் ஊசியில் நூல் கோக்கும் முன் நுனியை நனைத்துக்கொள்கிற மாதிரி, அது அவருக்கு யோசிக்காமல் வருகிற பழக்கம். நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

நான் சேர்ந்தபோது எண் பதினொன்று. பிறகு மெல்ல ஏறியது. ஏற ஏற அண்ணனின் நடையே மாறியது. படிக்கட்டில் எனக்கு முன்னால் ஏறிப் போவார். மேடம் தூரத்துக் கூட்டங்களுக்குப் போய் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு வருவார். ஒருநாள் பதிமூன்றைத் தொட்டது. அன்று அண்ணி தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டே, "இந்தப் பதிமூணுக்கு இப்ப என்ன பண்ணணும், திருஷ்டி சுத்திப் போடணுமா?" என்று கேட்டார். அண்ணன், "இனிமே பூட்டைப் பத்திப் பேசாம இருந்தாப் போதும்" என்றார். அவர் அப்படிப் பதில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

பிறகு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நிறைய அறைகளை மூடப் போகிறார்கள். எங்களுடையதை வைத்திருக்கலாமா என்று நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார்கள். மேடம் எங்களை நிற்க வைத்து நேராகவே சொன்னார்.

"அவங்க கண் முன்னாடி பதிமூணு வரணும். வந்தா அறை இருக்கும். வரலைன்னா இல்ல. சுத்தி வளைச்சுச் சொல்ல எனக்குத் தெரியல."

வருகிறவர்களுக்காகச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். மேஜைகளை நகர்த்தித் திரும்பப் போட்டார்கள். அந்தக் குழப்பத்தில் தகடு காணாமல் போனது. சூரியன் கவலைப்படவில்லை. அலமாரியைத் திறந்து இன்னொன்றை எடுத்தார். ஒரே தகட்டிலிருந்து ஒரே நாளில் வெட்டிய இரண்டில் அது ஒன்று. உறை பிரிக்காமல் கிடந்தது.

"இரட்டைப் பிள்ளை, ஒண்ணு போனா ஒண்ணு" என்றார். அது புதிது என்பதால் பிசிறு இருக்கிறதா என்று அண்ணன் விரலால் தடவிப் பார்த்தார். இதை வெட்டியவர் நன்றாக வெட்டியிருந்தார். தேய்க்கத் தேவைப்படவில்லை.

அன்று எண் பதினொன்றரை காட்டியது.

மறுபடி அளந்தார்கள். பதினொன்றரை. வேறு செல். அதேதான். சூரியன் விளக்கைச் சரிபார்த்தார். விளக்கில் குறையில்லை. மேடம் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். அதட்டியிருந்தால்கூட அவர் அவ்வளவு ஒடிந்திருக்க மாட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு மாற்றம். அண்ணன் தண்ணீரை மாற்றினார். சோப்பை மாற்றினார். புதுக் கரித்தூள் ஜாடியைப் பிரித்தார். பிறகு பழைய ஜாடிக்கே வந்தார். நான் கழுவிய சிலிக்கான் துண்டுகளைத் திரும்பத் திரும்பக் கழுவச் சொன்னார். கழுவிக் கொடுத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு தடவை, பாப்பா" என்பார். என் விரல் தோல் உரிந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கையுறை வாங்கிக் கொடுத்தார். மறுநாள், கையுறையிலிருந்து ஏதாவது ஒட்டுகிறதோ என்று அதையும் கழற்றச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தாலும் விடவில்லை. சட்டையில் அடுப்புப் புகை படிந்து, அதோடு அறைக்குள் போவதால்தான் படலம் கெடுகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். சட்டையைத் தனியாக, சமையலறைக்குத் தள்ளிக் காயப்போடச் சொன்னார்.

"ஓஹோ" என்றார் அண்ணி. "என் தாளிப்புதான் உங்க சூரியனை மறைக்குதாக்கும்."

"அப்படிச் சொல்லல."

"சொல்லுங்களேன். ஊர்ல எல்லாத்துக்கும் நான்தான் காரணம். கிரகணத்துக்கும் நானே."

அண்ணன் சிரிக்கவில்லை. அண்ணியும் அதோடு நிறுத்திக்கொண்டார். சட்டையைத் தனியாகத்தான் உலர்த்தினார்.

அவர் சாப்பாடு குறைந்தது. தூக்கம் போனது. கை நடுங்க ஆரம்பித்தது அப்போதுதான். நடுங்கும் கையால் படலத்தைத் தூக்கினால் கிழியும். கிழிந்தால் இன்னும் நடுங்கும். தண்ணீரின் மேல் கிழிந்த படலம் துண்டு துண்டாகச் சுருண்டு பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை நான்தான் கழுவி ஊற்ற வேண்டும். ஊற்றும்போது அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒருநாள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தன் கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"கை போயிடுச்சு பாப்பா" என்றார். "என்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான். இதுவும் போயிடுச்சு."

"அப்படியெல்லாம் இல்லண்ணா."

"எனக்குப் படிப்பு இல்ல. பேச்சு இல்ல. கை இருக்குன்னு அந்தம்மா எடுத்தாங்க. இப்ப நாலு பேர் சோத்துல மண்ணைப் போட்டுட்டு நிக்கறேன்."

எங்கள் நிறுத்தம் வந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. நான் தோளைத் தொட்டேன்.

வருகிறவர்கள் வருவதற்கு முந்தின நாள் நான் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் துடைப்பம் எதிலோ தட்டியது. கையை விட்டு எடுத்தேன். பழைய தகடு. மேலே வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. துடைத்து அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, வெகுநாள் கழித்துப் பார்த்த ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். உப்புத்தாளை எடுத்து வழக்கம்போல ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டுச் சூரியனிடம் நீட்டினார்.

சற்று முன் அளந்து பதினொன்றரை காட்டிய செல் விளக்கின் கீழே அப்படியே இருந்தது. சூரியன் தகட்டை மட்டும் மாற்றி வைத்தார். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்தது.

பதிமூன்று.

சூரியன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "யோவ் கரி" என்று அண்ணனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "ராசியான தகடுய்யா இது. இத்தனை நாள் நம்மளை அழ வைச்சுட்டு குழாய்க்குப் பின்னால உக்காந்து வேடிக்கை பாத்திருக்கு." மேடம் உள்ளே வந்து எண்ணைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அண்ணன் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். இரண்டு தகட்டையும் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இனி தொலைய விடுவதாக இல்லை.

பஸ்ஸில் பாதி தூரம்வரை பேசிக்கொண்டே வந்தார். ஒரு சிக்னலில் பஸ் நின்றபோது பேச்சும் நின்றது.

"ஒரே செல்லு" என்றார், என்னிடம் சொல்வது போல இல்லாமல். "ஒரே விளக்கு. தகடு மட்டும்தானே மாத்தினோம்."

வீடு வரும்வரை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறை ஜன்னலுக்குப் போனார். வெளிச்சம் இன்னும் இருந்தது. ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை வைத்து, ஓரம் ஓரமாகச் சேர்த்து, கண்ணுக்கு அருகே பிடித்தார்.

"என்ன அப்படி ஓட்டைக்குள்ள பாக்கறீங்க?" என்றார் அண்ணி. "உள்ளே யாராச்சும் குடியிருக்காங்களா?"

அண்ணன் திரும்பி, தகடுகளை என் கையில் கொடுத்தார். நானும் பார்த்தேன். பழைய தகட்டின் ஓட்டைக்குள், நாலு பக்கமும், அடியிலிருந்த தகட்டின் விளிம்பு தெரிந்தது. மயிரிழை அளவுதான். ஆனால் தெரிந்தது.

அண்ணன் தரையில் உட்கார்ந்தார். அண்ணிக்குப் புரியும்படி அவரே சொன்னார். கீறக் கூடாது என்று தேய்த்துத் தேய்த்து ஓட்டை பெரிதாகிவிட்டது. ஓட்டை பெரிதானால் வெளிச்சம் கூடுதலாக விழும், கரண்டும் கூடும். கம்ப்யூட்டரோ பழைய ஓட்டை அளவால்தான் வகுக்கிறது. பெரிய படியால் அளந்துவிட்டுச் சின்னப் படிக் கணக்கு எழுதுகிற மாதிரி. படலம் நன்றாகிக்கொண்டே வரவில்லை. ஓட்டைதான் பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை அவர் கை. மிச்சம் உப்புத்தாள்.

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க வேணும்னு பண்ணலல்ல?"

"இல்ல."

"யாரையும் ஏமாத்தணும்னு நெனைக்கலல்ல?"

"இல்லம்மா."

"அப்ப நாளைக்குப் பழையதையே வைச்சுக் காட்டுங்க. அவங்க பாத்துட்டுப் போகட்டும். அறை நிக்கட்டும். அப்புறம் நீங்களும் மேடமும் மெதுவா உக்காந்து சரி பண்ணிக்குங்க."

"நேத்து வரைக்கும் தெரியாது. இப்ப தெரியுமே."

"மறந்துடுங்க. கடைக்குப் போனா உப்பு வாங்க மறக்கறீங்க. இதை மறக்க முடியாதா?"

அண்ணன் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறியது. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். அண்ணி அவர் தலையைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

"இங்க பாருங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நான் பூட்டுன்னு சொன்னதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு. இந்த இடமும் மூடிட்டா அது நெஜமாயிடும். அதுக்கப்புறம் நான் அதைச் சொல்லிச் சிரிக்க முடியாது. புரியுதா உங்களுக்கு?"

அவருக்குப் புரிந்தது. முகத்தை முழங்காலில் இன்னும் புதைத்துக்கொண்டார்.

காலையில் அறைக்குப் போனதும் இரண்டு தகடுகளையும் மேடத்தின் முன் வைத்தார். மேடம் ஒன்றன் மேல் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரு தேய்ச்சது?"

"நான்தான் மேடம். படலம் கீறக் கூடாதுன்னு."

"நீங்க தேய்க்கறதை நானும்தான் பாத்திருக்கேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "தகட்டை நான் அப்பப்ப அளந்திருக்கணும். படலத்தையே பாத்துக்கிட்டிருந்தோம் எல்லாரும்."

அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், அந்தக் கல்யாணப் போட்டோவில் நிற்பது போல.

மேடத்தின் போன் அடித்தது. வருகிறவர்கள் கீழே வந்துவிட்டார்கள். மேடம் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"எதை வைக்கணும்னு நான்தான் சொல்லணும். வாய் வரமாட்டேங்குது" என்றார். பிறகு இறங்கிப் போனார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சூரியன் மேஜையிலிருந்து பழைய தகட்டை எடுத்துச் செல்லின் மேல் வைத்தார்.

"இங்க பாரு கரி. தியாகி ஆகப் பாக்காத. எனக்கும் குடும்பம் இருக்கு, உன் தங்கச்சிக்கும் வேலை இருக்கு. இன்னைக்கு ஒருநாள். வாயை மூடிக்கிட்டு நில்லு."

அண்ணன் செல்லின் மேலிருந்த தகட்டையே பார்த்தார். அந்த நேரத்தில் அவர் என்ன முடிவில் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்றும் தெரியாது.

வந்தவர்கள் மூன்று பேர். ஆண்கள் இருவர், ஒரு பெண். மேடம் படலத்தைப் பற்றிச் சொன்னார். குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. சூரியன் விளக்கைப் போட்டார். அறை முழுக்க மத்தியானம் ஆனது. "அளக்கலாமா?" என்று கேட்டார்.

அண்ணன் முன்னால் போனார். விளக்கின் கீழே கையை நீட்டி, செல்லின் மேலிருந்த தகட்டை எடுத்தார். மற்றதை வைத்தார். பல நாட்களுக்குப் பிறகு அவர் கை நடுங்காமல் இருந்ததைப் பார்த்தேன். ஓரங்களைச் சரிசெய்துவிட்டுப் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றார். சூரியன் அவரைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

பதினொன்றரை.

"பதிமூணுன்னு எழுதியிருந்தீங்களே?" என்றார் ஒருவர்.

மேடம் வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணன், "அது தகட்டோட ஓட்டைங்க" என்றார். "படலம் இல்ல. படலம் இவ்வளவுதான் குடுக்கும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். உப்புத்தாளை எடுத்துக் காட்டினார். அது சின்னதாக, மடித்த தடம் தேய்ந்து, நடுவில் கறுத்துப்போய் இருந்தது. அந்தப் பெண் இரண்டு தகட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர், "உண்மையைச் சொன்னதுக்கு நன்றி" என்றார். வழிவிட்ட ஆளுக்குச் சொல்கிற நன்றி போல அது இருந்தது. டீ குடித்தார்கள். போய்விட்டார்கள். நான் கோப்பைகளைக் கழுவினேன்.

அன்று மாலை அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார்.

"எதை வைச்சீங்க?"

"சின்ன ஓட்டையை."

அண்ணி வாசலை விட்டு விலகி வழிவிட்டார். பிறகு, "கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பூட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாவியைத் தேடும்போதுகூட அண்ணி, "அது எங்க, அது எங்க" என்றுதான் கேட்கிறார்.

அறையை மூடுகிற உத்தரவு வந்தது. மேடம் தான் சொல்லிவந்த எண் தவறு என்று எல்லா இடத்துக்கும் எழுதிப் போட்டார். சூரியன் எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணன் டோனர் நிரப்பும் இடங்களில் கேட்டுப் பார்த்தார். இப்போது அதற்கெல்லாம் ஆள் வைப்பதில்லையாம். நான் இரண்டு வீடுகளில் பாத்திரம் கழுவக் கேட்டு வைத்திருக்கிறேன். இன்னும் ஒன்றும் உறுதியாகவில்லை.

கடைசி நாள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். ஜாடியின் அடியில் கொஞ்சம் கரித்தூள் மிச்சமிருந்தது. அண்ணன் அதைக் கலக்கினார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வடித்தார், கரைத்தார், தண்ணீரில் மிதக்கவிட்டார். நான் ஒரு சிலிக்கான் துண்டைக் கழுவிக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "போதும்" என்றார். படலம் கிழியாமல் வந்தது. அது உலரும்வரை மற்ற பெட்டிகளைக் கட்டினோம்.

சூரியன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஏற்கெனவே பிடுங்கி வைத்திருந்த விளக்கின் வயரைத் திரும்பச் சொருகினார்.

"வை" என்றார். பல நாள் கழித்து அண்ணனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

பதினொன்றரை.

"இன்னொரு தடவை பாக்கறியா?" என்றார் அண்ணன்.

பார்த்தார். பதினொன்றரை.

"மாறலய்யா" என்றார் சூரியன்.

"மாறாது" என்றார் அண்ணன்.

விளக்கை அணைத்தார்கள். ஆனால் உள்ளே இருக்கும் பல்பு ஆறும்வரை அதன் ஃபேன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் பல்பு வெடித்துவிடும். இனி அந்த விளக்கு எங்கே போகப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. இருந்தாலும் யாரும் நிறுத்தவில்லை. "சூரியன் ஆறுற வரைக்கும் போக முடியாது" என்று அண்ணன் சொன்னார். நாற்காலிகளை ஏற்கெனவே எடுத்துப் போய்விட்டதால், நாங்கள் மூன்று பேரும் சுவரில் சாய்ந்து நின்று ஃபேன் நிற்பதற்காகக் காத்திருந்தோம்.